பத்தாவது வெட்டு

குமணன்சாவடி,
15.06.2024

அன்புள்ள ஜாபஸ் அண்ணனுக்கு,

துப்பாக்கிக் கட்டையில் ஒரு வெட்டு அதிகமாக இருக்கிறது. நகத்தால் தொட்டுப் பார்த்தேன். மற்ற ஒன்பதும் கறுத்து வழவழவென்று இருக்கும். இது வெள்ளையாக, ஓரம் பிசிறாக இருந்தது.

நலம் கேட்காமலே ஆரம்பித்துவிட்டேன். இங்கே மூன்று பேரும் சுகம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நன்றாக ஆறிவிட்டது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே. அங்கே சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? பத்து நாள் அழைத்தல் முகாம் என்று ஏப்ரலில் போனவன், துறவியாகப் போகிறேன் என்று அங்கேயே தங்கிவிட்டாய். போன்கூடக் கையில் தரமாட்டார்களாமே. கோயிலில் எல்லோரும் அம்மாவிடம் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். அம்மா ஒரு சாண் உயர்ந்து நடக்கிறாள்.

தேர்தல் முடிந்துவிட்டது, ஒப்படைத்த துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நேற்று நானும் அப்பாவும் போனோம். மார்ச்சில் நீ கொண்டுபோனபோது சுற்றிய அதே போர்வைத் துணி. ரைட்டர் கங்காதரன் அதை மேஜைமேல் வைத்து, "கையெழுத்து போட்டுட்டு எடுத்துக்கினு போ அண்ணாத்தே" என்றார். அப்பா உடனே பேனாவைத் திறந்துவிட்டார். துணியைப் பிரித்தது நான்தான்.

வெட்டு முதலில் கண்ணில் பட்டது. அப்புறம் வாசனை. குழல் முழுக்கத் தேங்காய் எண்ணெய்! எந்த மடையனாவது துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடுவானா? பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பதினோரு வயதிலிருந்து மாதம் முதல் சனிக்கிழமை நான்தான் துடைக்கிறேன், தையல் மெஷின் எண்ணெய் தவிர வேறு எதையும் அண்டவிட்டதில்லை. அப்புறம் தோட்டா. வீட்டில் பத்து இருந்தது. அவர்கள் பதிவேட்டில் ஒன்பது என்று எழுதியிருக்கிறது.

"பத்து" என்று சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. எனக்குச் சத்தம் எப்போது வந்திருக்கிறது? வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எழுந்து நிற்க முடியாமல்தானே ஒன்பதாவதோடு நின்றேன். ஆனால் அப்பா கையெழுத்துப் போடக் குனிந்தபோது பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இன்னாமே இது, பேனாவ குடு" என்றார் கங்காதரன்.

கொடுக்கவில்லை. அந்தப் பேனா இப்போதும் என்னிடம் இருக்கிறது. துப்பாக்கி அங்கேயே இருக்கிறது.

நீயே சொல். தாத்தா பெர்மிட் வாங்கி மான் சுட்ட காலத்தில், ஒரு மானுக்கு ஒரு வெட்டு என்று ஒன்பது வெட்டினார். எழுபத்திரண்டில் வேட்டையைத் தடுக்கும் சட்டம் வந்ததும் கத்தியை மடக்கிவிட்டார். அப்பா பத்தொன்பது வருஷமாக அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பூந்தமல்லி நகைக்கடை வாசலில் நிற்கிறார், அதன்மேல் ஒரு கீறல்கூட விழவிட்டதில்லை. வெள்ளம் வந்த வருஷம் பீரோவோடு மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. துடைத்து எண்ணெய் விட்டதும் போல்ட் 'டக்' என்று போய் உட்கார்ந்தது. அப்படிப்பட்ட துப்பாக்கியில் எவனோ ஒரு போலீஸ்காரன் பொழுதுபோகாமல் கத்தி வைத்திருக்கிறான். ஒன்பது வெட்டு பத்தாகிவிட்டது. பத்து தோட்டா ஒன்பதாகிவிட்டது. நான் விடப்போவதில்லை.

தேர்தலுக்குத் துப்பாக்கியை ஒப்படைப்பதில் வங்கிக் காவலுக்கு விலக்கு உண்டாம், கடைக் காவலுக்குக் கிடையாதாம். அதனால் அப்பா மார்ச்சிலிருந்து கம்போடு நிற்கிறார். "ஜூலை வரைக்கும் பாக்குறேன் ஜோசப்பு. அப்பால துப்பாக்கி வெச்சிக்கினு கீற ஆளத்தான் எடுக்கணும்" என்று முதலாளி ரசாக் பாய் சொல்லியிருக்கிறார். அதற்குள் முடிப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு என்ன செய்யலாம் என்று எழுது.

உன் தங்கை,
ஸ்வீட்லின்


குமணன்சாவடி,
17.06.2024

பெருமதிப்புக்குரிய காவல் ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஜோசப்ராஜ் என்பவரின் மகள் ஸ்வீட்லின், வயது 17, எழுதிக்கொள்ளும் மனு. நேரில் பேச எனக்கு வராது என்பதால் எழுதுகிறேன்.

என் தந்தையின் சார்பில் என் அண்ணன் தேர்தலுக்காகத் தங்கள் நிலையத்தில் ஒப்படைத்த 315 ரைபிள், நாங்கள் கொடுத்த நிலையில் இல்லை. கட்டையில் கத்தியால் புதிதாக வெட்டப்பட்டிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவப்பட்டிருக்கிறது. பத்துத் தோட்டாவில் ஒன்றைக் காணவில்லை. பொறுப்பில் இருந்தவர் ரைட்டர் திரு. கங்காதரன். இதற்குப் பதில் கிடைக்கும் வரை "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று என் தந்தை கையெழுத்திட மாட்டார். நகல் மேலதிகாரிகளுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

தாங்கள் நலமுடன் இருந்து இதை விசாரிக்க வேண்டுகிறேன்.

பணிவுடன்,
ஜோ. ஸ்வீட்லின்


பயிற்சி இல்லம்,
சிறுமலை அடிவாரம்,
07.07.2024

இயேசுவில் அன்பான தங்கை ஸ்வீட்லினுக்கு,

ஆண்டவர் அருளால் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் மூவருக்காகவும் தினமும் செபமாலை சொல்கிறேன். அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். இங்கே மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் கடிதம் எழுதலாம், அதனால்தான் தாமதம்.

இங்கே நல்ல குளிர். காலை நாலே முக்காலுக்கு மணி அடிக்கும். எனக்குத் தோட்ட வேலை கொடுத்திருக்கிறார்கள். மிளகுக்கொடிக்குத் தண்ணீர் கட்டுகிறேன். மாலையில் பாட்டுப் பயிற்சி. என் குரல் பரவாயில்லை என்கிறார் பாட்டு மாஸ்டர்.

துப்பாக்கி விஷயமாக எழுதியிருந்தாய். தங்கையே, பொருள்மேல் இவ்வளவு பற்று நல்லதல்ல. பழைய மரக்கட்டையில் ஆயிரம் கீறல் விழும். அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்லி எடுத்து வந்துவிடு. மனு ஏதும் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடு. போலீஸ்காரர்களோடு நமக்கு என்ன வழக்கு? மன்னிப்பதே மேல்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

கிறிஸ்துவின் அமைதி உங்களோடு,
ஜாபஸ்


குமணன்சாவடி,
12.07.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ சுகமாக இருப்பதில் சந்தோஷம். அம்மா ஒத்தடம் கொடுக்கிறாள். இரண்டு நாளாக இங்கே மழை, ரோடு முழுக்கச் சேறு.

மனுவைத் திரும்ப வாங்கமாட்டேன். பற்று என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், பற்றுதான். எனக்கு வேறு என்ன தெரியும் சொல்? படிப்பு வரவில்லை, பேச்சு வரவில்லை. சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பேன், ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பேன். அதை யாரும் செய்வார்கள். ஆனால் மழைக்காலத்தில் கட்டை ஊறி இரண்டாவது திருகு கால் சுற்று தளரும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வாரை மூன்று முறை நான்தான் தைத்தேன். லைசென்ஸ் புதுப்பிக்கும்போதெல்லாம் சுட்டுக் காட்டச் சொல்வார்கள். ஒரு தடவைகூட அது அப்பாவைத் தலைகுனிய விட்டதில்லை. அதை யாரோ வெட்டுவான், நான் மன்னிக்க வேண்டுமா?

புதன்கிழமை ஸ்டேஷனில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

"ஒம்பது தோட்டான்னு எழுதி, உங்க அண்ணன் ஜாபஸ்னு கையெழுத்து போட்டுகீறான். இன்னா சொல்ற?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"வாயத் தொறந்து சொல்லும்மா."

வரவில்லை. காகிதம் கேட்டு, 'அண்ணன் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பான்' என்று எழுதிக் கொடுத்தேன். கங்காதரன் தலையில் அடித்துக்கொண்டார். "சார், இது ஊமக்கோட்டான் மாரி குந்திகினு ஏன் வேலைக்கே ஒல வெக்குது சார்!"

நேற்று முதல் அவர் அங்கே இல்லை. தோட்டா காணாமல் போனதற்குப் பொறுப்பு அவர்தான் என்று ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டார்களாம். துறை விசாரணையும் இருக்கிறதாம். நான் ஜெயித்துவிட்டேன் என்று அம்மா சொன்னாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

நீ ஒன்று மட்டும் எழுது. மார்ச்சில் கொடுத்தபோது தோட்டாவை எண்ணினாயா? போன கடிதத்தில் தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அடுத்த முதல் ஞாயிறுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஸ்வீட்லின்


ஆவடி,
20.07.2024

ஜோசப்ராஜ் மகளுக்கு,

கங்காதரன் எழுதுவது. நான் நலமாக இல்லை, அதனால் உன் நலத்தைக் கேட்கவும் மனம் வரவில்லை.

உன் மனுவின் நகல் விசாரணைக்காக என் கைக்கு வந்தது. ஸ்டேஷனில் ஒரு வார்த்தை பேசாத பெண் எழுத்தில் இவ்வளவு பேசியிருக்கிறாய். படித்தேன். தோட்டாவைப் பற்றி நீ சொல்வதை நம்புவதா நான் சொல்வதை நம்புவதா என்று அதிகாரிகள் முடிவு செய்யட்டும். வெட்டைப் பற்றியும் அப்படியே.

ஆனால் எண்ணெய் என்று எழுதினாயே, அதற்கு நன்றி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒப்படைத்த துப்பாக்கிக்கு எண்ணெய் போட்ட ஒரு போலீஸ்காரனை நான் பார்த்ததில்லை. துரு பிடித்தால் பிடிக்கட்டும் என்று மூலையில் சாய்த்துவிட்டுப் போவோம். அதுதான் எங்கள் லட்சணம். இந்தத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டவன் எதையோ துடைக்கப் பார்த்தவன். எந்த எண்ணெய் என்று தெரியாதவன். அவனை ஸ்டேஷனில் தேடாதே.

என் பேனாவையும் திருப்பி அனுப்பு. என் பிறந்தநாளுக்கு மகள் வாங்கிக் கொடுத்தது.

கங்காதரன்


குமணன்சாவடி,
23.07.2024

ஜாபஸ் அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

ரைட்டர் கங்காதரன் எழுதிய கடிதத்தை நேற்று எட்டு தடவை படித்தேன். அப்புறம் என் முதல் கடிதத்தில் உனக்கு என்ன எழுதினேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்பது வெட்டு பத்தாகிவிட்டது, பத்து தோட்டா ஒன்பதாகிவிட்டது. என் கையால் நானே எழுதியிருக்கிறேன், எனக்கு உறைக்கவில்லை. உனக்கு உறைத்திருக்கும்.

மார்ச் ஏழிலிருந்து மூன்று நாள் அப்பா முகப்பேரில் கண் ஆஸ்பத்திரியில் இருந்தார். சர்க்கரை இருந்ததால் உடனே அனுப்பவில்லை. நானும் அம்மாவும் கூடவே இருந்தோம். பீரோச் சாவி உன்னிடம் இருந்தது. இருபதாம் தேதி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும் முன் துடைக்கிறேன் என்று நான் எடுத்தபோது, "நானே தொடச்சி கட்டி வெச்சிட்டேன், நீ பிரிக்காத" என்றாய். உன் ஆயுளில் அதை நீ துடைத்தது கிடையாது. எவ்வளவு நல்ல அண்ணன் என்று நினைத்தேன்.

மூன்று கேள்வி. எங்கே போனாய்? யாரோடு போனாய்? என்ன செய்தாய்?

செபம், மிளகுக்கொடி எதுவும் வேண்டாம். பதில் மட்டும் எழுது.

ஸ்வீட்லின்


பயிற்சி இல்லம்,
சிறுமலை அடிவாரம்,
04.08.2024

இயேசுவில் அன்பான தங்கைக்கு,

நலம். உங்கள் நலனுக்காக மன்றாடுகிறேன். இந்த மாதம் மழை நன்றாகப் பெய்தது. பதினைந்தாம் தேதி மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு நான் தனியாகப் பாடப்போகிறேன். அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவாள். எங்களுக்கு வரும் கடிதங்களையும் நாங்கள் எழுதுவதையும் இல்ல அதிபர் படித்துவிடுவார். ஆகவே குடும்ப விஷயங்களைச் சுருக்கமாக எழுது.

ஆண்டவர் நம் எல்லோரையும் காப்பாராக.

ஜாபஸ்


திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு,
06.08.2024

ஸ்வீட்லின்,

மார்க்கெட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கூட வந்தவர் டீ குடிக்கிறார். பத்து நிமிஷம்தான்.

என் நண்பன் ரோஹித்தின் காரில் போனோம். ஆந்திரா எல்லைக் காடு. சும்மா சுற்றிப் பார்க்கத்தான் என்று சொன்னான். சும்மா போகிறவன் ஏன் துப்பாக்கி எடுத்தாய் என்று கேட்பாய். அவன் வீட்டில் தாத்தா கதை சொல்லிப் பீற்றிக்கொண்டது நான்தான். "உங்க தாத்தா சுட்டாரு, உங்கப்பன் வாசல்ல நிக்கிறாரு, நீ இன்னாடா பண்ண மச்சான்?" என்று கேட்டான். அது போதுமாயிருந்தது.

ஒரே ஒரு தோட்டா. மானின் பின்னங்காலில் பட்டது. அது விழவில்லை, இழுத்துக்கொண்டே போனது. பின்னாலேயே போனோம். உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. இரண்டாவது தோட்டா போட எனக்குக் கை வரவில்லை. ரோஹித்தான் கத்தியால் முடித்தான். கறியை அவன்தான் எடுத்துப் போனான்.

அப்புறமும் வீட்டுக்கு வந்து வெட்டுப் போட்டேன். ஏன் என்று கேட்காதே. அன்று சாயங்காலம் பெருமையாக இருந்தது. அடுத்த நாள் காலையில் சோறு இறங்கவில்லை. கட்டையில் ரத்தம் இருப்பது போலவே தோன்றிக்கொண்டிருந்தது, கையில் கிடைத்த எண்ணெயைப் போட்டுத் துடைத்தேன். தப்பித்து ஓடத்தான் இங்கே வந்தேன். ஆனால் இப்போது பாடும்போது நிஜமாகவே நன்றாக இருக்கிறது. அதை நீ நம்பு.

உன் காலில் விழுகிறேன். அப்பாவைக் கையெழுத்துப் போட்டு எடுத்து வரச் சொல். உப்புத்தாள் வைத்து அந்த வெட்டைத் தேய்த்துவிட்டு டீ டிகாக்ஷன் தடவு, நிறம் வந்துவிடும். யாருக்கும் தெரியாது. ரைட்டருக்கு என்ன, கவர்மெண்டு வேலை, எங்கே போய்விடும்? வெளியே தெரிந்தால் எனக்கு ஜெயில். துப்பாக்கியும் போய்விடும், அப்பா வேலையும் போய்விடும். உனக்குத்தானே அது உயிர்.

அவர் வந்துவிட்டார்.

ஜா


குமணன்சாவடி,
10.08.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. அம்மாவிடம் முதல் கடிதத்தைக் கொடுத்தேன். பாடப்போகிறாய் என்று அழுதாள். இரண்டாவதை அப்பாவிடம் கொடுத்தேன்.

அப்பா படித்துவிட்டு மடித்து என் கையில் வைத்தார். "அன்னிக்கி நீ துணிய பிரிச்சப்பவே எனுக்கு தெரிஞ்சிபோச்சும்மா" என்றார். "போலீஸ்காரன் ஏன் பத்தாவதா, அதே அளவுல, அதே வரிசையில வெட்டப்போறான்?"

"தெரிஞ்சிகினே என்ன மனு எழுத விட்டியா?" என்று கேட்டேன். அப்பாவிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"பெத்த புள்ளடி."

"கங்காதரன் யாரு பெத்த புள்ள?"

அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

கேள். ரசாக் பாய் இந்த மாதக் கடைசி வரை அப்பாவுக்காகப் பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டரும் ஆள் அனுப்பினார்: மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு, தோட்டா கணக்கை எண்ணியதில் தப்பு என்று எழுதிக் கொடுத்தால் அன்றே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகலாமாம். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? உப்புத்தாள் வீட்டில் இருக்கிறதா என்று தேடினேன். தேடிய கை இது. இருந்தது. நூற்றிருபது நம்பர். அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தேய்க்கமாட்டேன். தேய்த்தால் அந்த இடம் குழியாகும். ஒவ்வொரு மாதமும் துணி வைக்கும்போது என் விரல் அங்கே இறங்கும். வருஷம் முழுக்க என் விரல் பொய் சொல்ல வேண்டும். தாத்தா போட்ட ஒன்பதும் பெர்மிட் வாங்கி, எல்லோருக்கும் தெரிய, பகலில் போட்டவை. அந்தத் துப்பாக்கி எப்போதும் சொன்னதைச் செய்தது. உன் கையிலும் சொன்னதைத்தான் செய்தது. விசையை இழுத்தவன் நீ. அதைத் திருட்டுப் பொருள் மாதிரி நான் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன். எனக்கு அது உயிர் என்பதால்தான் மாட்டேன்.

'எண்ணியதில் தப்பு' என்று எழுதினாலும், ஒரு மாதமாகத் திருடன் பட்டம் சுமக்கிற ஆளிடம் யார் போய்ச் சொல்வது, அவர் திருடவில்லை என்று? நான்தானே அவர் பெயரை எழுதினேன். எழுதிய கைதான் அழிக்க வேண்டும்.

உனக்கு நேரம் தருகிறேன். பதினெட்டாம் தேதி ஞாயிறு வரை. திருநாள் பதினைந்து. பாடிவிட்டு வா. உன் குரல் நன்றாக இருக்கிறது என்பதை நம்புகிறேன். பத்தொன்பது திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன். நீ என் பக்கத்தில் இருந்தால் நீ பேசு. இல்லாவிட்டால் நான் பேசுவேன்.

அதிபர் இந்தக் கடிதத்தைப் படிப்பார் என்பது தெரியும். படிக்கட்டும்.

தங்கை,
ஸ்வீட்லின்


குமணன்சாவடி,
19.08.2024

அண்ணனுக்கு,

அம்மாவுக்குச் சுகம் இல்லை, படுத்திருக்கிறாள். அப்பாவும் நானும் இருக்கிறோம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் நின்றேன். திண்டுக்கல்லிலிருந்து வருகிறவன் எப்படியும் அங்கேதான் இறங்கவேண்டும். மத்தியானம் வரைக்கும் நின்றேன். அப்பா குடையோடு வந்து கூப்பிட்டுக்கொண்டு போனார்.

இன்று காலை நான் கிளம்பும்போது அப்பா கடைச் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். "நானும் வரேன்" என்றார்.  ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் எனக்கு முன்னால் போய் இன்ஸ்பெக்டர் மேஜை எதிரில் விறைப்பாக நின்றார்.

"சார், லைசென்ஸ் ஏன் பேர்ல கீது. காட்டுக்குப் போய் மானு சுட்டது நான்தான். கேச ஏன் மேல போட்டுக்கோங்க. ரைட்டர் மேல ஒரு தப்பும் இல்ல."

இன்ஸ்பெக்டர் எழுதப் பேனாவை எடுத்தார்.

"பொய் சார்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். லாக்கப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாகூட நிமிர்ந்தாள். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

"மார்ச் ஏழுலேந்து மூணு நாள் எங்கப்பா கண்ண கட்டிக்கினு ஆஸ்பத்திரில படுத்துனு இருந்தாரு சார். பக்கத்துல நான் இருந்தேன். சீட்டு கீது. பாருங்க."

ஆஸ்பத்திரிச் சீட்டை மேஜைமேல் வைத்தேன். அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். "ஸ்வீட்டி, வேணாம்மா" என்றார். நான் நகரவில்லை.

இன்ஸ்பெக்டர் சீட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "இதப் பாரும்மா. நீ சொல்லி நான் எழுதிக்கினா வனத்துறைக்குத் தகவல் போவும். துப்பாக்கிய அவங்க எடுத்துக்குவாங்க. திரும்பி வரும்னு நெனச்சிக்காத. தெரிஞ்சிதான் பேசுறியா?"

"தெரியும் சார்."

"அது மேல உனுக்கு எவ்ளோ இதுன்னு கங்காதரன் சொல்லிகீறான். பேனா புடுங்கின கதையும் சொன்னான்."

"பேனாவ கொண்டாந்துகீறேன் சார்" என்று எடுத்து வைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அங்கிருந்தே போன் போட்டு, கங்காதரனிடம், "யோவ், புள்ள வந்துகீது, வா" என்று மட்டும் சொன்னார். உள்ளே இருந்து துப்பாக்கியைக் கொண்டுவரச் சொன்னார். அடையாளம் காட்ட வேண்டுமாம். போர்வைத் துணியில்தான் இருந்தது. எண்ணெய் காய்ந்து குழல்மேல் மஞ்சளாகப் படிந்திருந்தது. துடைக்கட்டுமா என்று கேட்டேன். தொடக்கூடாது என்றார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, இது எங்களுடையது, இவை தாத்தா போட்டவை, இது இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மழைக்கு முன்னால் இரண்டாவது திருகை யாராவது இறுக்க வேண்டும் என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டார்களா தெரியவில்லை.

ரசாக் பாய்க்கு அப்பா அங்கிருந்தே போன் செய்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

நீ திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து எழுதிய கடிதம் என் பையில்தான் இருந்தது. அதை நான் கொடுக்கவில்லை. அது எனக்கு எழுதியது. ரோஹித் பெயரையும் சொல்லவில்லை. அதையெல்லாம் நீ சொல்லிக்கொள்.

"அப்ப சுட்டது யாரு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் பெயரைச் சொன்னேன்.

"இப்ப எங்க கீறான்?"

காகிதத்தை என் பக்கம் தள்ளினார். உன் விலாசத்தைப் பின்கோடு வரை எழுதிக் கொடுத்தேன்.

ஸ்வீட்லின்